நூற்று எழுபத்துமூன்று சென்டிமீட்டர் மாப்பிள்ளை

பயந்தாங்கொள்ளிகளுக்கு ஒரு சங்கம் இருந்தால் அதற்கு என்னைத்தான் தலைவராக்குவார்கள். ஆனால் நான் கூட்டத்துக்குப் போகமாட்டேன். மேடை ஏறப் பயம். நாய், மாடு, இடிமுழக்கம், சத்தம் போட்டுப் பேசும் மனிதர், பேசாமல் முறைக்கும் மனிதர் என்று எல்லோருக்கும் என்னிடம் சமமான மரியாதை உண்டு. இப்படிப்பட்ட நான் சிட்னியில் ஒரு பல்கலைக்கழகத்தைக் காவல் காத்து, ஓய்வூதியமும் வாங்கிவிட்டேன் என்று சொன்னால், என்னைத் தெரிந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். தெரியாதவர்கள் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு இனிப் பிள்ளைகளை அனுப்பமாட்டார்கள்.

எழுபதுகளின் நடுப்பகுதியில் நடந்தது இது. ஸ்ட்ராத்ஃபீல்டில் யாழ்ப்பாணத்து அன்ரி, அங்கிள் வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தேன். வேலை, பழம் அடைக்கும் தொழிற்சாலையில். பீச் பழத் தகரங்கள் வரிசையாக வரும். லேபிள் கோணலாக ஒட்டியிருப்பவற்றை நான் பிடித்து வெளியே வைக்கவேண்டும். கொழும்பில் கணக்காளர் பரீட்சையில் பாதி பாஸ் பண்ணியவன் நான். அந்தப் பாதியைப் பற்றி இந்த நாட்டில் ஒருவரும் கேட்கவில்லை. மீதிப் பாதியைப் பற்றி மட்டும் எல்லோரும் கேட்டார்கள்.

குளிர்காலத் தொடக்கத்தில் தொழிற்சாலையை மூடப்போகிறார்கள் என்று சொல்லிவிட்டார்கள். மற்றவர்களுக்கு அது வேலைப் பிரச்சினை. எனக்கோ அது கலியாணப் பிரச்சினை.

கொழும்பில் எனக்கு ஒருத்தி இருந்தாள். பள்ளிக்கூட ஆசிரியை. இருவருக்கும் சம்மதம். அவளுடைய அப்பாவுக்குத்தான் இல்லை. அவர் ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். உத்தியோகம் என்றால் அதற்கு ஒரு யூனிபோர்ம் இருக்கவேண்டும், யூனிபோர்முக்குப் பித்தளைப் பொத்தான் இருக்கவேண்டும் என்பது அவருடைய சித்தாந்தம். "பழத் தகரத்துக்கு லேபிள் பாக்கிறதும் ஒரு உத்தியோகமோ?" என்று கேட்டிருந்தார். "நிரந்தர உத்தியோகம் கிடைச்சால் வரச் சொல்லு. ஆவணி மட்டும் பொறுப்பன்." ஆவணிக்குப் பிறகு சுகாதார இலாகாவில் ஒரு மாப்பிள்ளை தயாராக நின்றான். அவனுக்கு யூனிபோர்ம், பொத்தான், சைக்கிள் அலவன்ஸ் எல்லாம் உண்டு.

இந்தச் சங்கதி எதையும் நான் அன்ரிக்குச் சொல்லவில்லை. அன்ரி நல்ல மனுஷி. ஆனால் அவவுக்கு ஒன்றைச் சொல்வதும் ஸ்ட்ராத்ஃபீல்ட் ஸ்டேஷன் ஒலிபெருக்கியில் சொல்வதும் ஒன்றுதான். மெரிலேண்ட்ஸ் வரைக்கும் கேட்கும்.

பக்கத்து அறையில் வேலூர்ப் பக்கத்து நண்பன் ஒருவன் இருந்தான். அந்தப் பல்கலைக்கழகத்தில் எஞ்சினியரிங் ஆராய்ச்சி மாணவன். ஒருநாள் மாலை ஓடிவந்து என் கட்டிலில் விழுந்தான்.

"மாப்ளே, உனக்குன்னே ஒரு வேலை. எங்க காம்பஸ்ல செக்யூரிட்டிக்கு ஆள் எடுக்கறாங்க. யூனிஃபார்ம் உண்டு. நிரந்தரம். பென்ஷன் உண்டு."

"ஐசே, என்னைப் பாத்தால் காவல்காரன் மாதிரியோ தெரியுது?"

"திருடன் மாதிரியும் தெரியல. அதுவே பாதி தகுதி."

அறிவிப்புப் பலகையிலிருந்து தகுதிகளை எழுதிக்கொண்டு வந்திருந்தான். ஒவ்வொன்றாக வாசித்தான். வயது இருபத்தொன்றுக்கும் நாற்பதுக்கும் இடையில். சரி. கண்ணாடி போடாத கண். சரி. வாகனம் ஓட்டும் லைசென்ஸ். இருந்தது, பரீட்சை எடுத்த அதிகாரி காரிலிருந்து இறங்கினால் போதும் என்ற அவசரத்தில் கொடுத்தது. பொலிஸ் பதிவில் எந்தக் குற்றமும் இருக்கக்கூடாது. அதில் எனக்குக் கவலையே இல்லை. குற்றம் செய்யவும் கொஞ்சம் தைரியம் வேண்டுமல்லவா? முதலுதவிச் சான்றிதழ் வேண்டும். அதை எடுத்துக்கொள்ளலாம். வீட்டுக்கு வந்து நன்னடத்தை விசாரிப்பார்கள். விசாரிக்கட்டும்.

கடைசியாக, உயரம் குறைந்தது நூற்று எழுபத்துமூன்று சென்டிமீட்டர்.

நாடு அடி அங்குலத்தை விட்டு மீட்டருக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. அடிக்கணக்கில் நான் ஐந்தடி எட்டு. பதினெட்டு வயதிலிருந்து அப்படித்தான் எல்லோருக்கும் சொல்லிவந்தேன். சொல்லிச் சொல்லி நானே நம்பியும்விட்டேன். சென்டிமீட்டரில் பொய் சொல்ல இன்னும் பழகியிருக்கவில்லை. நண்பன் என்னைச் சுவரோடு நிறுத்தி, தலைமேல் ஒரு புத்தகத்தை வைத்து அளந்தான். நூற்று எழுபத்திரண்டு. அதற்கும் கொஞ்சம் கீழே.

"விடு மாப்ளே. நான் சிவில் எஞ்சினியர். இதுக்கு வழி இருக்கு."

முதலில் முதலுதவி வகுப்பு. இரத்தப்போக்கு பற்றிய பாடத்தில் ஆசிரியை ஒரு படத்தைத் தூக்கிக் காட்டினார். அது மட்டும் ஞாபகம் இருக்கிறது. கண் விழித்தபோது வகுப்பு முழுவதும் என்னைச் சுற்றி நின்றது. என் கால்கள் ஒரு கதிரைமேல் இருந்தன. மயங்கியவரை எப்படித் தெளிவிப்பது என்பதை ஆசிரியை என்னை வைத்தே கற்பித்து முடித்திருந்தார். சான்றிதழ் தரும்போது, "இந்த வகுப்புக்கு உங்களைப்போல் யாரும் உதவியதில்லை" என்று மனப்பூர்வமாகச் சொன்னார்.

அடுத்தது வைத்தியப் பரிசோதனை. நண்பனின் எஞ்சினியரிங் வழி இதுதான்: மனிதன் நிற்க நிற்க முதுகெலும்பு அமுங்கும், படுத்திருந்தால் நீளும். காலையில் எழுந்ததும் ஆள் அதிக உயரம். ஆகவே நான் எழும்பவே கூடாது. படுத்த படுக்கையாகவே என்னைப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

அன்று காலை அங்கிளும் நண்பனும் என்னைப் போர்வையோடு தூக்கி, அங்கிளின் ஸ்டேஷன் வாகனின் பின்பக்கத்தில் நீளமாகக் கிடத்தினார்கள். அங்கிள் அதிகம் பேசாதவர். "கால் வெளியில நிக்குது," என்று மட்டும் சொன்னார். கால் வெளியே நிற்கிறது என்று கேட்டு வாழ்க்கையில் முதல்முறையாக எனக்குப் பெருமையாக இருந்தது.

பரமற்றா ரோட்டில் சிவப்பு விளக்கில் நின்றோம். பக்கத்துக் காரில் ஒரு வயதான பெண்மணி. மார்பில் கைகட்டி, போர்வைக்குள் அசையாமல் கிடக்கும் என்னைப் பார்த்தார். முகம் மாறியது. மெல்லத் தலைகுனிந்து சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். அந்த மரியாதை என் மனதைத் தொட்டது. நன்றி சொல்லாமல் இருப்பது சரியில்லை என்று கண்ணைத் திறந்து அவரைப் பார்த்துச் சிரித்தேன்.

பச்சை விளக்கு வந்த பிறகும் அந்தக் கார் நகரவில்லை.

"சிரிக்காதய்யா," என்றான் நண்பன் முன்னாலிருந்து. "சிரிச்சா சுருங்கிடும்."

பரிசோதனை அறை வாசலில் இருவரும் என்னைப் போர்வையோடு இறக்கினார்கள். மருத்துவத்தாதி பயந்துபோய் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார். "வேண்டாம், நான் காவல்காரன் வேலைக்கு வந்தவன்" என்று படுத்தபடியே சொன்னேன். அவர் அளவுகோலைக் காட்டினார். எழுந்து மூன்றே எட்டில் போய் நின்றேன். மரக்கட்டையால் என் தலைமயிரை ஒருமுறைக்கு இருமுறை அழுத்தி அளந்தார். அந்தக் காலத்துத் தலைமயிர் அது. அழுத்தாமல் அளந்திருந்தால் நான் பொலிஸ்மாஅதிபராகவே ஆகியிருப்பேன்.

"நூற்று எழுபத்துமூன்று," என்றார். "சரியாக."

இப்போது மிஞ்சியது வீட்டு விசாரணையும் நேர்முகமும் மட்டுமே. வீட்டு விசாரணை எப்போது வரும் என்று சொல்லவில்லை. சொல்லாமல் வருவதுதான் முறையாம். நானும் அன்ரிக்கு ஒன்றும் சொல்லவில்லை. வேலை கிடைத்த பிறகு யூனிபோர்மோடு வந்து நின்று ஆச்சரியப்படுத்தலாம் என்று ஒரு எண்ணம். என் வாழ்க்கையில் ஆச்சரியங்கள் எப்போதும் எனக்குத்தான் நடந்திருக்கின்றன என்பதை மறந்துவிட்டேன்.

சனிக்கிழமை. அரைநாள் வேலை முடிந்து வருகிறேன், அன்ரி வாசல் கேற்றடியிலேயே நிற்கிறா. நல்ல சேலை. முகத்தில் தீபாவளி.

"கள்ளா!" என்றா. "உள்ளுக்க வா."

குசினியில் வடைச் சட்டி இன்னும் ஆறவில்லை. மேசைமேல் ஒரு பை நிறைய எலுமிச்சம்பழம்.

"என்ன அன்ரி?"

"என்னட்டை மறைக்கலாமெண்டு நினைச்சனீ. அந்த மனுஷன் வந்திட்டுப் போட்டார்."

"எந்த மனுஷன்?"

"வெள்ளைக்காரன். ஆறடிக்கு மேல. கோட்டுப் போட்டு, தொப்பி போட்டு, வெறுங்கையோட வராமல் பழத்தோட வந்தவர். தன்ர வளவில காய்ச்சதாம். வந்து கதிரையில இருந்தவுடன உன்னைப் பற்றித்தான் கேட்டவர். எத்தினை வருஷமாத் தெரியும், குடிப்பாரோ, கடன் இருக்கோ, கோவம் வருமோ, கூட்டாளிமார் ஆர், பொம்பிளையள் வந்து போறதோ எண்டு எல்லாம். தம்பி, உப்பிடிக் கேள்வி ஆரும் எதுக்குக் கேப்பினம்? எனக்கு விளங்காதே?"

எனக்கு விளங்கிவிட்டது.

யாழ்ப்பாணத்தில் ஒருவன் இன்னொருவனைப் பற்றி வீடு தேடிவந்து இத்தனை கேள்வி கேட்பது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். அங்கே வேலைக்கு ஆள் எடுப்பவன் இவ்வளவு கேட்கமாட்டான். பெண் கொடுப்பவன் மட்டுமே கேட்பான்.

"பெட்டை ஆரடா?" என்றா அன்ரி. "அவருக்கு மகள் இருக்கோ எண்டு நானும் கேட்டனான். மூண்டும் பெடியங்களாம். அப்ப இவர் பெட்டையின்ர தாய்மாமன் எண்டு பிடிச்சிட்டன். எங்கட ஆக்களைப்போல மாமனை முன்னுக்கு விட்டிருக்கினம். பாத்தியே, வெள்ளைக்காரருக்கும் முறை தெரிஞ்சிருக்கு."

"அன்ரி, நீங்கள் அவருக்கு என்ன சொன்னனீங்கள்?"

"நான் என்ன கலியாணம் குழப்பிற ஆளோ? வெள்ளைக்காரப் பிள்ளையெண்டாலென்ன, நீ விரும்பியிட்டாய். உன்னைப் பவுண் எண்டு சொன்னனான். கோவமோ எண்டு கேட்டவர். கோவமா, அவன் ஒருக்காலும் ஒரு சத்தம் போட்டுக் கதைச்சதில்லை எண்டன். சண்டை சச்சரவு வந்தால் என்ன செய்வாரெண்டு கேட்டவர். ரெண்டு பேர் சத்தம் போட்டால் இவன் பின்கதவால போயிடுவான் எண்டன்."

"ஐயோ."

"இரவில ஊர் சுத்தித் திரிவாரோ எண்டார். ஒன்பது மணிக்கு நித்திரை, குண்டு போட்டாலும் எழும்பான் எண்டன். பக்கத்து வீட்டு நாய்க்குட்டிக்குப் பயந்து றோட்டுக்கு அந்தப் பக்கத்தால போற பிள்ளை எண்டன். ஒரு எறும்பைக் கொல்லமாட்டான். நல்லாச் சமைப்பான், கோப்பை கழுவுவான் எண்டும் சொன்னனான். எல்லாத்தையும் எழுதி எடுத்தவர் தம்பி! ஒண்டும் விடேல்லை!"

நான் கதிரையில் உட்கார்ந்தேன். அன்ரி பொய் எதுவும் சொல்லவில்லை. அதுதான் பெரிய துக்கம். ஒவ்வொன்றும் சத்தியமான உண்மை.

அதற்குமேல் மறைக்க என்ன இருக்கிறது? வேலையைச் சொன்னேன். தொழிற்சாலை மூடுவதைச் சொன்னேன். கொழும்புப் பெண்ணை, ஸ்டேஷன் மாஸ்டரை, ஆவணியை, சுகாதார இலாகாவின் சைக்கிள் அலவன்ஸை எல்லாம் சொன்னேன். அன்ரியின் முகத்திலிருந்த தீபாவளி ஒவ்வொரு விளக்காக அணைந்தது.

"அப்ப அந்த ஆள் மாமன் இல்லையோ?"

"காவல்காரருக்குப் பெரிய ஆள். முந்திப் பொலிஸ் சார்ஜன்."

"கடவுளே. ஏழு வடை சாப்பிட்டவர்." எலுமிச்சம்பழப் பையை மேசை ஓரத்துக்குத் தள்ளினா. "ஏன் தம்பி எனக்கு முந்தியே சொல்லேல்லை? சொல்லியிருந்தால் உன்னைப் புலியாக்கி விட்டிருப்பனே."

கண் கலங்கிவிட்டது அவவுக்கு. அங்கிள் பின்வாசலில் புல் வெட்டும் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டார். "ஊறுகாய் போடலாம்," என்று பழத்தைக் காட்டிச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

நேர்முகம் அடுத்த வாரம். இழந்த மானத்தை மீட்க ஒரே வழி, அந்தச் சார்ஜனுக்கு முன்னால் வேறு மனிதனாகப் போய் நிற்பதுதான் என்று நானும் நண்பனும் முடிவு செய்தோம். குரலைத் தாழ்த்திப் பேசப் பழகினேன். நெஞ்சை முன்னால் தள்ளி நடந்தேன். "கண்ணைச் சிமிட்டாத மாப்ளே, வில்லன்லாம் கண்ணு சிமிட்டமாட்டான்," என்றான் நண்பன். கண்ணில் நீர் வடிந்ததுதான் மிச்சம்.

சார்ஜன் மேசைக்குப் பின்னால் ஒரு அலுமாரிபோல் உட்கார்ந்திருந்தார். நான் கதிரையை ஒரு கையால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அது நான் நினைத்ததைவிடப் பாரம், தோள் சுளுக்கிக்கொண்டது. காட்டிக்கொள்ளவில்லை.

"மாணவர்கள் கூட்டமாக வந்து துணைவேந்தரின் அறைக்குள் புகுந்து, வெளியே வரமாட்டோம் என்கிறார்கள். என்ன செய்வாய்?" என்று கேட்டார்.

"கதவை உடைப்பேன்," என்றேன் தாழ்ந்த குரலில்.

"கதவு திறந்துதான் இருக்கிறது."

"அப்படியானால் உள்ளே போய் ஒவ்வொருவராகக் கழுத்தைப் பிடித்து வெளியே எறிவேன்."

"நூறு பேர்."

"நூறு பேரையும்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். முகத்தில் ஒரு சோர்வு. மேசையிலிருந்த காகிதம் ஒன்றை எடுத்து வாசிக்கத் தொடங்கினார். ஒரு சத்தம் போட்டுப் பேசியதில்லை. சண்டை வந்தால் பின்கதவால் போய்விடுவார். ஒன்பது மணிக்கு நித்திரை. நாய்க்குட்டிக்குப் பயம். நன்றாகச் சமைப்பார். அன்ரி சொன்ன அத்தனையும் அவர் வாயில், ஆங்கிலத்தில், நிதானமாக வந்தன. எனக்கு உடம்பு முழுவதும் சுருங்கியது. அந்த நேரம் யாராவது அளந்திருந்தால் ஒன்றரை மீட்டர்தான் இருந்திருப்பேன்.

வாசித்து முடித்துக் காகிதத்தை வைத்தார்.

"இந்த மனிதனைத்தான் நான் வேலைக்கு எடுக்க இருந்தேன்," என்றார். "நீ யார்?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரே விளக்கினார். அந்தக் காலத்து மாணவர்கள் எதற்கெடுத்தாலும் ஊர்வலம் போவார்கள். முன்பு காவலுக்குக் குத்துச்சண்டைக்காரர்களாகப் பார்த்து எடுத்தார்களாம். போன வருடம் ஒருவன் ஒரு மாணவனைக் கழுத்தில் பிடித்துத் தூக்க, அந்த மாணவனின் அப்பா வழக்கறிஞராக இருந்து தொலைத்தார். "என்னிடம் கதவை உடைப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். பின்கதவு எங்கே என்று தெரிந்த ஒருவன்தான் இல்லை. சொல், உண்மையில் என்ன செய்வாய்?"

"உண்மையிலா?" என் குரல் பழைய இடத்துக்குத் திரும்பியிருந்தது. "தூரத்தில் நின்று, சாப்பிட்டீர்களா என்று கேட்பேன், சார். சாப்பிட்டிருக்கமாட்டார்கள். கன்டீன் மூடப்போகிறது என்று சொல்வேன்."

அவர் சிரித்த சிரிப்பில் மேசை ஆடியது.

"அது யார், முதலில் பேசியவன்?"

"அவன் இன்று காலைதான் வந்தவன் சார். போய்விட்டான்."

"நல்லது. பகல் ஷிப்ட் தருகிறேன். ஒன்பது மணிக்குத் தூங்குகிற மனிதனை எழுப்புவது பாவம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த அம்மா," என்றார். "முப்பது வருடம் பொலிஸில் இருந்தேன். ஒருவரும் என்னை அப்படி விசாரித்ததில்லை. என் சம்பளம், வீட்டுக் கடன், என் அப்பா என்ன நோயில் செத்தார் என்பது வரைக்கும் கேட்டுவிட்டார். நானும் சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்றுதான் தெரியவில்லை. வேலையை அவருக்கே கொடுக்கலாமா என்று யோசித்தேன். உயரம் காணாது."

யூனிபோர்ம் கொடுத்தார்கள். முன்பிருந்த குத்துச்சண்டைக்காரனின் அளவு. கைகள் விரல் நுனியையும் தாண்டித் தொங்கின. அன்ரி இரண்டு நாள் உட்கார்ந்து மடித்துத் தைத்தா. பிராயச்சித்தம் என்றா. நெஞ்சு நிறையப் பித்தளைப் பொத்தான். நண்பன் படம் எடுத்தான், கொழும்புக்குப் போனது. ஸ்டேஷன் மாஸ்டர் பூதக்கண்ணாடி வைத்துப் பொத்தான்களை எண்ணினார் என்று பின்னால் அறிந்தேன்.

ஆனால் பொத்தானை மட்டும் நம்பிப் பெண் கொடுப்பாரா? விசாரிக்கவேண்டும் அல்லவா? நான்தான் அதை யோசிக்கவில்லை. நான் அன்ரியிடம் சொன்னதெல்லாம், வேலை நிரந்தரமாவதற்கு முன்னால் சிலவேளை இன்னொரு முறையும் அலுவலகத்திலிருந்து விசாரிப்பார்கள் என்பதுதான்.

"விசாரிக்கட்டும்," என்றா அன்ரி, பல்லைக் கடித்துக்கொண்டு.

இரண்டு கிழமை கழித்து, வேலை முடிந்து வருகிறேன், அன்ரி மறுபடியும் கேற்றடியில்.

"உன்ர மானத்தைக் காப்பாத்திப் போட்டன்!" என்றா. "மெல்பேர்னில இருந்து ஒருத்தர் ஃபோன் எடுத்தவர். நல்ல இங்கிலிஷ். உன்ர குணநலம் பற்றி விசாரிக்க வேணுமாம். இந்த முறை நான் விடேல்லை."

"மெல்பேர்னோ? எங்கட யூனிவர்சிட்டிக்கு மெல்பேர்னில ஒண்டுமில்லையே அன்ரி."

"தலைமைக் கந்தோர், ஹெட் ஒஃபிஸா இருக்கும் எண்டு நினைச்சன். சாதுவான ஆளோ எண்டு கேட்டவர். சாதுவோ? புலி எண்டன்! ஒருத்தருக்கும் பயமில்லை, ஒரு கையால ஆளைத் தூக்கி எறிவான் எண்டன். இரவிலயும் வீட்டில நிப்பாரோ எண்டார். இரவிரவா முழிச்சுக்கொண்டு நிண்டு காவல் காப்பான், கண் மூடமாட்டான் எண்டன். சமைப்பாரோ எண்டு கேட்டவர். அதெல்லாம் பொம்பிளையின்ர வேலை, கிட்டவும் போகான் எண்டன்." கொஞ்சம் நிறுத்தினா. "ஒண்டுதான் விளங்கேல்லை. கடைசியா ஃபோனை வைக்கேக்க, 'சரி தங்கச்சி, ஸ்டேஷன் மாஸ்டருக்குச் சொல்லுறன்' எண்டு தமிழில சொன்னவர்."

பக்கத்து வீட்டு நாய்க்குட்டி வேலிக்குள்ளிருந்து குரைத்தது. நான் அதற்குப் பயப்படக்கூட மறந்துபோனேன்.

காவல்காரனாக்கக் கேட்டவரிடம் மாப்பிள்ளையாகச் சொன்னா. மாப்பிள்ளையாக்கக் கேட்டவரிடம் காவல்காரனாகச் சொல்லிவிட்டா. மெல்பேர்ன்காரர் ஸ்டேஷன் மாஸ்டரோடு ரயில்வேயில் வேலை செய்து, பிள்ளைகளோடு வந்து குடியேறியவராம். அவருடைய நம்பரும் எங்களிடம் இல்லை. அன்ரி அன்றிரவு சமைக்கவில்லை. நான்தான் சமைத்தேன். புலி பருப்புக்கறி வைத்தது.

ஞாயிற்றுக்கிழமை ஃபோன் அடித்தது. நான் எடுத்தேன். இந்த முறை அவர் தமிழில் தொடங்கினார்.

"தம்பி, நான் மெல்பேர்ன். ட்ரங்க் கோல் போட்டு அவரோட கதைச்சனான். அந்த அம்மா சொன்னதை அப்பிடியே சொன்னனான். ஆள் கொஞ்சம் முரடன் போலக் கிடக்கு, யோசியுங்கோ எண்டும் சொன்னனான், கோவிக்காதேங்கோ."

"இல்லை ஐயா."

"அவர் வேற ஒண்டையும் காதில போடேல்லை. ஒண்டே ஒண்டுதான் திருப்பித் திருப்பிக் கேட்டவர். இரவு டியூட்டியில கண் மூடமாட்டானோ, வடிவாக் கேட்டனீரோ எண்டு. கேட்டனான், மூடமாட்டானாம் எண்டன். 'முப்பத்தைஞ்சு வருஷம் ஸ்டேஷனில இருந்தனான். இரவு டியூட்டியில நித்திரை கொள்ளாத ஒருத்தனை நான் காணேல்லை. கலியாணத்துக்கு நாள் வையுங்கோ' எண்டிட்டார்."

குசினி வாசலில் நின்ற அன்ரிக்குச் சைகை காட்டினேன். அவ அங்கேயே நிலத்தில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினா. அங்கிள் புதிதாய்ப் போட்ட எலுமிச்சங்காய் ஊறுகாயை ஒரு கரண்டி எடுத்து ருசி பார்த்து, "இன்னும் ஊற வேணும்," என்றார்.

ஆவணியில் கொழும்பில் கலியாணம். யூனிபோர்மில்தான் மணவறைக்கு வரவேண்டும் என்று மாமனார் பிடிவாதம் பிடித்தார். ஐயர்தான் என்னைக் காப்பாற்றினார். நாங்கள் சிட்னிக்கு வந்து ஒரு கிழமை இருக்கும். இரவுச் சாப்பாட்டு மேசையில், சோற்றுக் கோப்பையில் கையோடு நான் தூங்கி விழுந்தேன். மனைவி தோளில் தட்டி எழுப்பினாள்.

"ஒன்பது மணிதான் ஆகுது. இதுதானோ கண் மூடாத புலி?"

"அப்பாவுக்குச் சொல்லிப் போடாதையும்."

"நான் ஏன் சொல்லப்போறன்? எழும்பும், ஒருக்கா இந்தச் சுவரோட நில்லும்."

"ஏன்?"

"கொழும்பில இருந்தே பாக்கிறன். நூற்று எழுபத்துமூண்டு எண்டு எழுதினீர். எனக்கென்னவோ காணாது போலக் கிடக்கு."

நின்றேன். பென்சிலால் கோடு போட்டு, தையல் நாடாவை எடுத்து அளந்தாள். நூற்று எழுபத்தொன்றரை.

"இப்ப இரவெல்லோ," என்றேன். "காலமை வந்து அளந்து பாரும். படுக்கையிலேயே."